மலர்வளையத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்

எங்கள் கம்பனி பூ விற்கும் ஆப் ஒன்றைச் செய்கிறது. பிறந்தநாள், கல்யாணம், செத்தவீடு எதுவானாலும் பூ வீட்டுக்கே வரும். அதில் பிழை பிடிப்பது என் வேலை.

டெஸ்ட் பண்ணத் தனியாக ஒரு சைட் வேண்டும் என்று மனேஜர் ஜெரோம் அண்ணாவிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்லை தங்கச்சி. சனம் பாவிக்கிற லைவ் சைட்டிலயே ஓடர் போட்டுப் பாத்திட்டு கான்சல் பண்ணுங்கோ."

நேற்று அப்படியே செய்தேன். மலர்வளையம் ஓடர் பண்ண, ஆப் இறந்தவர் பெயர் கேட்டது. டெஸ்ட் பண்ணும்போது மனதில் இருக்கும் பெயர்தானே முதலில் கைக்கு வரும்? ஜெரோம் அண்ணாவின் பெயரையும் அவருடைய கொட்டாஞ்சேனை வீட்டு விலாசத்தையும் போட்டேன். பிறகு கான்சல் பட்டனை அழுத்தினேன். ரத்தாகிவிட்டது என்று திரையில் வந்தது.

இன்று காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறியதும் அவருடைய கோல்.

"தங்கச்சி, எனக்கு மலர்வளையம் வந்திருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினனான்."

பின்னால் யாரோ அழுதார்கள்.

"ஆர் அண்ணா அழுறது?"

"முன்வீட்டு அக்கா. நான் முன்னால நிக்கிறன், அவ அழுகையை நிப்பாட்டுறா இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் செத்தவீட்டுக்கெண்டு கதிரையும் கொண்டுவந்து இறக்கிட்டினம்."

"அப்ப கான்சல் பட்டன் வேலை செய்யேல்லை அண்ணா. பிழை பிடிச்சாச்சு."



"தனி சைட் அடுத்த கிழமை தாறன்," என்றார்.

அதுவரை லைவ்தான். கல்யாணப் பூங்கொத்து இன்னும் டெஸ்ட் பண்ணவில்லை. மாப்பிள்ளை பெயர் ஒன்று தேவை. ஏற்கெனவே கல்யாணமான, துணிச்சலுள்ள அண்ணாமார் வீட்டு விலாசத்தைக் கமெண்டில் போடவும்.