செங்கண்மாரி என்று சொன்னோம்

நித்திரை கொள்ளாமல் படித்தேன் என்று யாராவது பெருமையடித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பெரிய கெட்டித்தனம்! நித்திரை இல்லாத மனிதன் என்ன ஆவான் என்பதை எங்கள் வீட்டு வண்டிக் கொட்டிலில் நான் கண்ணால் பார்த்தவள்.

யாழ்ப்பாணத்தில் துண்டு நிலம்கூட இல்லாமல் இருந்து, கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத்தில் வயற்காணி கிடைத்து வந்த குடும்பம் எங்களது. ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் வாய்க்கால் கரையில் குடியிருந்த சனத்திலிருந்து முதன்முதலாகக் கொழும்பு மருத்துவக் கல்லூரிக்கு எடுபட்டவர் என் அண்ணன். எடுபட்ட செய்தி வந்த அன்றே ஊருக்கு அவர் ‘டொக்டர் தம்பி’ ஆகிவிட்டார். இன்னும் ஒரு வகுப்புக்கும் போகாத மனிதனிடம் சிரங்கையும் கட்டியையும் காட்டினால் அவர் என்ன செய்வார், பாவம்.

எங்கள் தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே சட்டம் முறைத் தண்ணீர். குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்து வரும். உங்கள் முறை வரும்போது விழித்திருந்து மடையைத் திறக்க வேண்டும். கண்ணயர்ந்தால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். அதனால் காவல் இருப்பவர்கள் தூங்கி விழுகிறவன் முகத்தில் வாய்க்கால் தண்ணீரை அள்ளி அடித்து எழுப்புவார்கள். வயலுக்கு அது சரி. அதே சட்டத்தை மகனுடைய படிப்புக்கும் கொண்டுவந்து பொருத்தினார் பாருங்கள், அங்கேதான் எங்கள் குடி கெட்டது.

இரண்டாம் வருடம் அண்ணன் உடற்கூற்றுப் பாடத்தில் தவறிவிட்டார். விடுமுறை முடிந்ததும் திரும்ப எழுத வேண்டும். வீட்டுக்கு வரும்போது ஒரு பிஸ்கட் தகரம் நிறைய மனித எலும்புகளைப் படிக்கக் கொண்டுவந்தார். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டா. “செத்ததுகளின்ர எலும்பைச் சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ள வைக்கேலாது, சொல்லிப்போட்டன்.” ஆகவே எலும்பும் அவரும் வண்டிக் கொட்டிலில் குடியிருந்தார்கள்.

தேத்தண்ணீர் கொண்டுபோனால் முந்திக் கொடுத்தது குடிக்காமல் ஆறிக் கிடக்கும். சட்டை தோளில் தொங்கும். என்ன அண்ணை இது என்று ஒருநாள் கேட்டேன். வாய்மொழிச் சோதனையில் விரிவுரையாளர் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். உனக்கு ஏன் இந்தப் படிப்பு, போய் வயலை உழு என்றாராம். அதன் பிறகு விடுதியில் கூடப் படித்தவர்கள் நித்திரை வராமலிருக்க ஒரு குளிசை கொடுத்திருக்கிறார்கள்.

“இப்ப குளிசையை விட்டிட்டன். ஆனா நித்திரை திரும்பி வருகுதில்லை,” என்றார். “கண்ணை மூடினா அந்த மனுசன் வந்து கேள்வி கேக்குது.”

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா பெருமைப்பட்டா! “படிக்கிற பிள்ளை அப்பிடித்தான்” என்று என் வாயை அடைத்துவிட்டு, கிணற்றடியில் நின்று “என்ர மோன் கண்ணே மூடுறானில்லை” என்று எல்லாருக்கும் சொன்னா. அதைக் கேட்ட தாய்மார் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்கு அடி போட்டார்கள்.

ஒரு மத்தியானம் அண்ணன் நித்திரையாகிவிட்டார். வண்டிக்குக் கீழே வைக்கோலில், புத்தகம் நெஞ்சில் கிடக்க, வாய் திறந்தபடி. அப்பாடா என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கோழிகள் கொக்கரிக்காமல் துரத்திவிட்டு நின்றேன். அப்போது ஐயா வயலிலிருந்து வந்தார். பார்த்தார். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளிவந்து, நான் “ஐயா!” என்று கத்தக் கத்த, அண்ணனின் முகத்தில் ஊற்றினார்.

“எழும்படா! சோதினையை வைச்சுக்கொண்டு பகல் நித்திரையோ?”

அண்ணன் துள்ளி எழுந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் இரண்டு கையையும் கூப்பி, “சொல்லுறன் சேர், சொல்லுறன், கொஞ்சம் பொறுங்கோ சேர்” என்று ஐயாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு நனைந்து நடுங்கியபடி மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களை இங்கிலீசில் ஒப்புவிக்கத் தொடங்கினார். ஒன்று தடக்கியது. திரும்ப முதலிலிருந்து. திரும்பத் தடக்கியது. பெற்ற தகப்பனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் வாளியைப் பறித்து எறிந்தேன். “மனுசரோ நீங்கள்?” என்று கேட்டேன். பதினெட்டு வயதுப் பெட்டை தகப்பனை அப்படிக் கேட்பதென்றால் அந்தக் காலத்தில் கன்னம் பழுக்கும். ஐயா அடிக்கவில்லை, அவரும் பயந்துபோய் நின்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று கெஞ்சினேன்.

“விசர், மூளை சரியில்லை எண்டு ஒரு துண்டில எழுதிப்போட்டாங்கள் எண்டால் அவனைக் கொலிஜ்ஜால கலைச்சுப் போடுவாங்கள். பிறகு உன்னை ஆர் கட்டுவான்?”

“என்னை ஒருத்தரும் கட்ட வேண்டாம். அந்தாளைப் படுக்க விடுங்கோ!”

நெல் மூடைகள் அடுக்கும் அறையில் பாயை விரித்தேன். யன்னலுக்குச் சாக்குக் கட்டினேன். அண்ணனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, உலக்கையோடு வாசலில் குந்தினேன். கிட்ட வந்தால் ஆராயிருந்தாலும் மண்டை உடையும் என்று ஐயாவுக்கும் கேட்கத்தான் சொன்னேன். முதலில் அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தார். நேரம் என்ன, நேரம் என்ன என்று கேட்டபடி. நேரத்துக்கு இப்ப என்ன அவசரம், படுங்கோ என்பேன். நாட்கள் போகப்போகக் கண் செருகத் தொடங்கியது. கஞ்சி குடிக்க மட்டும் எழுப்புவேன். சிரங்கு காட்ட வந்த சனத்துக்கு, டொக்டர் தம்பி ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். யாருடைய செத்தவீடு என்று கேட்டால் முறைத்தேன்.

கொழும்புக்கு ரயில் ஏற வேண்டிய நாள் வந்தது. ஐயா பெட்டியைக் கட்டிக்கொண்டு படலையில் நின்றார். நான் எழும்பவில்லை. நின்று பார்த்துவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஊருக்கு என்ன சொல்வது? மகனுக்குச் செங்கண்மாரி என்றார். செங்கண்மாரி மரியாதையான வருத்தம், அதனால் யாருக்கும் கலியாணம் நிற்காது. அவ்வளவுதான், வாய்க்கால் சனம் முழுவதும் கீழ்க்காய்நெல்லியைப் பிடுங்கி வந்து குவித்தது! முருங்கன் என்ற ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கூடக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பினார். இல்லாத மஞ்சள் காமாலைக்கு அந்தக் கசப்பை அரைத்து அண்ணனுக்குப் பருக்கினா அம்மா.

அவர் தேறினார். திரும்பிப் போனார், பிந்தி எழுதினார், டொக்டராகவும் வந்தார். ஐயா வெகுகாலம் என்னோடு நேரே கதைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குச் சொல்வார். அது போகட்டும். அந்த வண்டிக் கொட்டில் கதையை வீட்டில் ஒருவரும் அதன் பிறகு எடுத்ததில்லை. அண்ணனும் எடுத்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் அண்ணன் மனைவியோடு காரில் ஊருக்கு வந்திருந்தார். பக்கத்து வயல்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளும் மருத்துவக் கல்லூரியில்தான் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போலக் கறுப்பு.

“சோதினையில குறைஞ்சு போனா. நல்லா நித்திரை கொள்ளுறா போல. ஒருக்காப் புத்தி சொல்லுங்கோ டொக்டர்,” என்றார் தகப்பன்.

அண்ணன் கதிரையில் சாய்ந்துகொண்டார். “நித்திரையைப் பாத்தா டொக்டராகேலாது தங்கச்சி. நானெல்லாம் நித்திரை கொண்டோ படிச்சனான்?”

தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வந்த எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

“பொய்!” என்றேன். “உங்களுக்குச் செங்கண்மாரி வரேல்லை அண்ணை. நித்திரை இல்லாமல் மூளை கலங்கினது. ஐயாவைச் சேர் எண்டு கும்பிட்டனீங்கள். நான் உலக்கையோட வாசலில இருந்துதான் உங்களைப் படுக்க வைச்சனான். இல்லாட்டி இண்டைக்கு இந்தக் கதிரையில ஆர் இருப்பினம்?”

அண்ணி அண்ணனைப் பார்த்தா. அவவுக்கு இது புதுக்கதை. “உனக்கென்ன விசரே?” என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

அந்தப் பெட்டை விம்மத் தொடங்கினாள். “எனக்கும் வருகுதில்லை அக்கா. கனகாலம். நான் ஆருக்கும் சொல்லேல்லை.”

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அந்த இடத்தில் அந்த வருத்தத்தைப் படித்தவரும் அவர்தான், பட்டவரும் அவர்தான். கிட்ட வா பிள்ளை என்று ஒரு சொல் சொல்வார் என்று நின்றேன். அவர் தகப்பன் பக்கம் சரிந்து குரலைத் தாழ்த்தினார்.

“வெளியில விடாதேங்கோ. கலியாணம் பேசவேண்டிய பிள்ளை. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ.”

தட்டத்தை மேசையில் போட்டேன். கோப்பைகள் உருண்டன. பெட்டையின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு, வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பஸ் எடுக்கத் தெருவுக்கு வந்தேன். அவளுடைய தகப்பன் ஏதோ கத்திக்கொண்டு பின்னால் வந்தார். வாய்க்கால் கரையில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கே போறியள் என்று கேட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு நித்திரை வருகுதில்லை, டொக்டரிட்டைப் போறம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

“ஏன், உங்கட அண்ணை டொக்டர் வீட்டிலதானே நிக்கிறார்?”

“ஓம், நிக்கிறார்,” என்றேன். “அவருக்கு இந்த வருத்தம் தெரியாதாம்.”