பட்டன் அக்காவும் பின்வாசலும்

அக்காவின் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னது வெளியாள் யாருமல்ல, அவளுக்கு அடுத்துப் பிறந்த தம்பி. சொன்ன இடம் கடையின் பின்வாசல். சொன்ன நேரம், வேலை முடிந்து மூன்று தளத்து ஆட்களும் வீட்டுக்குப் போக வரிசையில் நிற்கும் நேரம்.

கடை பெரிதான பிறகு பெரிய தம்பி கொண்டுவந்த ஏற்பாடு அது. பின்வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள். ஊழியர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். அக்கா மட்டும் அந்த மேசையைத் தாண்டும்போது சோதனைக்கார அம்மாள் எழுந்து நிற்பாள். அன்றைக்கும் எழுந்தாள். பக்கத்தில் நின்ற பெரிய தம்பி, "உட்காருங்க. அக்கா பையையும் பாருங்க" என்றான்.

அக்கா முதலில் சிரித்தாள். விளையாட்டு என்றே நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, தைலப் புட்டி, ஓர் அட்டையில் தைத்த முத்துப் பட்டன்கள்.

"இது என்னக்கா?"

"பட்டன்டா. ஒரு அம்மா கோட்டுக்கு ஒண்ணு குறையுது. போற வழியில மொத்தக் கடையில காட்டி அதே மாதிரி இருக்கான்னு கேட்கலாம்னு..."

"பில் இருக்கா?"

வரிசையில் யாரோ இருமினார்கள். அக்கா தம்பியை அண்ணாந்து பார்த்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவன் இப்போது அவளைவிட ஒரு முழம் உயரம்.

"பில் இல்லாம ஒரு ஊசிகூட வெளிய போகக் கூடாது. அக்காவுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டம்னு வச்சா நாளைக்கு நான் யாரைக் கேட்க முடியும்?" என்று அவன் வரிசையைப் பார்த்துச் சொன்னான். பிறகு குரலை இறக்கினான். "உனக்கும் வயசாகுது. நாளையிலேர்ந்து வீட்டுல ஓய்வெடு. உன் பகுதியை என் பெண்டாட்டி பார்த்துக்குவா."

அப்போதுதான் அக்காவுக்கு முழுதும் விளங்கியது. தம்பி பெண்டாட்டி ஒரு மாதமாகவே அக்கா பார்த்துவந்த இரண்டாம் மாடி வீட்டுத்துணிப் பகுதிக்கு வந்து, அலமாரிகளை அளப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். நாற்காலி வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம். திருடி என்று பேர் வைத்தா பிடுங்க வேண்டும்?

அந்தக் கடை எப்படி வந்தது என்று அக்காவைவிட யாருக்குத் தெரியும்! அப்பா தொடங்கியபோது அது நூலும் பட்டனும் விற்கிற ஒற்றை அறை. உள்ளே ஒருவர் வந்தால் அடுத்தவர் தெருவில் நிற்க வேண்டும். அம்மா படுத்த படுக்கையானதும் அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. பட்டன் பெட்டிகளுக்குப் பின்னால் அவள் நின்றாள். தம்பிகள் இருவரும் படித்தார்கள். பட்டன் அக்கா என்று தெருவில் விழுந்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"பட்டன் வாங்க வர்றவங்க துணியை எங்கப்பா வாங்கறாங்க?" என்று ஒருநாள் அவள்தான் கேட்டாள். அப்பா யோசித்தார். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் ஊரைவிட்டுப் போனபோது அந்த இடத்தைப் பிடித்து, நடுச்சுவரை இடித்து, துணி போட்டார். துணி வந்ததும் தையல்காரர்கள் வந்தார்கள். பிறகு குழந்தைகள் உடுப்பு, அதற்குமேல் ஒரு மாடி, பாத்திரம், பொம்மை, இன்னொரு மாடி, கடைசியில் மின்தூக்கி. வாசலுக்கு மேலே அப்பா ஒரு வாசகம் எழுதிவைத்தார்: ‘வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுப் போங்கள்.’ கடைப் பைகளிலும் அதையே அச்சடித்தார்கள். அப்பா போனபின் கடை தம்பிகள் பேருக்குப் போனது. அக்கா வாயைத் திறக்கவில்லை. நிற்க ஓர் இடம் இருந்தால் போதும் என்றிருந்தாள். அந்த இடத்துக்குத்தான் இப்போது வேட்டு.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற அவள் கணவர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே, "விடு, போனா போகட்டும்" என்றார்.

"போனா போகட்டும்னு விட அது என்ன பஸ்ஸா?" என்றாள் அக்கா.

மறுநாள் காலை வழக்கம்போல் தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, கடைக்குப் போனாள். பின்வாசல் வழியாக அல்ல. முன்வாசல் வழியாக, வாடிக்கையாளராக. வாசல் காவலர் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி வணக்கம் வைத்தார். இரண்டாம் மாடி வீட்டுத்துணிப் பகுதியில் தம்பி பெண்டாட்டி புது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போர்வை காட்டும்மா."

"அண்ணி, உங்களுக்கு எதுக்கு..."

"வாங்கத்தான். கடைதானே இது?"

விற்பனைப் பெண் ஒரு போர்வையை விரித்தாள். "இதைவிடக் கனமா?" விரித்தாள். "இதே கனத்துல நீலம்?" நீலம் மேல்தட்டில் இருந்தது. ஏணி வந்தது. "நீலத்துல கரை இல்லாம?" மதியத்துக்குள் அலமாரி காலி, மேசைமேல் மலை. அக்கா எழுந்து புடவையைத் தட்டி விட்டுக்கொண்டு, "எதுவும் மனசுக்குப் பிடிக்கலையே" என்று கிளம்பினாள். மடித்துவைக்கிற வேலை சாயங்காலம் வரை போனது. தம்பி பெண்டாட்டியும் குனிந்து மடித்தாள் என்று மின்தூக்கிக்காரர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவருக்கு இரண்டாவது தடவை தேநீர் ஊற்றினாள்.

மறுநாள் திரைச்சீலை. அதற்கு மறுநாள் மெத்தை விரிப்பு. விற்பனைப் பெண்களின் தோள்வலியை நினைத்து, எளிதாக மடிக்கக்கூடியதை அவர்களிடமும், மடக்க மடக்கத் திமிறுவதைத் தம்பி பெண்டாட்டியிடமும் கேட்கப் பழகிக்கொண்டாள். "நீயே எடுத்துக் காட்டும்மா, உன் கைராசி எப்படின்னு பார்ப்போம்" என்பாள்.

"நம்ம வீட்டுல ஒரு போர்வைகூட கிழியாதது இல்ல. நீ அங்க போய் நாற்பது போர்வையைப் புரட்டிட்டு வர்ற" என்றார் கணவர். சொன்னாரே தவிர, சாயங்காலம் ஆனதும், "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று அவரேதான் ஆவலாகக் கேட்பார்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பெரிய தம்பியே நேரில் வந்தான். சுற்றிலும் வாடிக்கையாளர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னக்கா இது?"

"பார்த்துட்டுப் போறேன்டா. அப்பா எழுதி வச்சிருக்காரே."

அவன் வந்த வழியே திரும்பினான்.

கொஞ்ச நாளில் விஷயம் அவள் கணக்குப் போட்டதையும் தாண்டிப் போனது. பழைய வாடிக்கையாளர்கள் அவளைத் தேடி வந்து, "அக்கா, இந்தத் துணி எப்படி?" என்று கேட்டார்கள். அக்கா பொய் சொல்லவில்லை. பொய் தேவைப்படவில்லை. "ரெண்டு தண்ணி தாங்கும். மூணாவதுல சாயம் போயிடும். தெருமுனையில புதுசா ஒருத்தர் திறந்திருக்காரே, அங்க பாருங்க." அவள் முக்காலியில் உட்கார்ந்தபடியே ஆட்களை அனுப்ப, தெருமுனைக் கடைக்காரருக்கு முகம் பூத்துக் கிடந்தது. வீட்டுத்துணிப் பகுதியில் ஈ ஓட்டினார்கள். அக்காவுக்கு அந்த நாட்களில் நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது. மனதில் இரக்கம் எட்டிப் பார்த்தால், "பில் இருக்கா?" என்ற குரலை நினைத்துக்கொள்வாள். இரக்கம் வந்த வழியே போய்விடும்.

ஒருநாள் வாசல் காவலர் குறுக்கே நின்றார். "மன்னிச்சுக்குங்கக்கா. உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு." அக்கா சண்டை போடவில்லை. அந்த வாசகத்துக்கு நேர் கீழே, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். "உங்களுக்கேவா?" என்று ஒரு டீச்சரம்மா சத்தமாகக் கேட்டார். "என் தம்பி கடைதான். நான் திருடிடுவேன்னு பயப்படறான்" என்றாள் அக்கா, அதைவிடச் சத்தமாக. டீச்சரம்மா திரும்பி நடந்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள்.

அன்று மாலையே சின்ன தம்பி அக்கா வீட்டு வாசலில் நின்றான். அவன் எப்போதும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன்.

"அண்ணன் பேசணுங்கறான்க்கா. அவன் அறையில. மன்னிப்பு கேட்கத் தயாரா இருக்கான். பழைய இடமே உனக்கு."

"அறையிலயா?"

"ஆமா. குடும்ப விஷயம் இல்லையா, நமக்குள்ள..."

"அவன் என் பையை எங்கடா திறந்தான்? அறையிலயா?"

சின்ன தம்பி தலையைக் குனிந்தான்.

"எத்தனை பேர் பார்க்க என் மானம் போச்சோ, அத்தனை பேரும் இருக்கணும். அதே பின்வாசல், அதே வரிசை. அவன் தன் பையைத் திறக்கணும். முடிஞ்சா சொல்லு. இல்லேன்னா நாளைக்கும் படியில உட்கார்ந்திருப்பேன்."

பெரிய தம்பி ஒரு வாரம் இழுத்தடித்தான். ஒரு வாரமும் அவள் படியில் உட்கார்ந்தாள். எட்டாம் நாள் அவன் சம்மதித்தான்.

அன்று கடை மூடும் நேரம், பின்வாசலில் வரிசை நின்றது. பெரிய தம்பி தோல்பையோடு வந்தான். சோதனைக்கார அம்மாள் எழுந்து நின்றாள். "நீங்க நகருங்கம்மா" என்று அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை அவளே திறந்தாள். சாவிக்கொத்து, மாத்திரை, மடித்த செய்தித்தாள். அதற்கு அடியில் குழந்தைக்கான சிவப்புக் காலுறை ஒரு ஜோடி. விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னடா?"

"பேத்திக்குக்கா. போறப்ப எடுத்தேன்..."

"பில் இருக்கா?"

அவன் காது மடல்வரை சிவந்தது. சின்ன வயதில் அம்மாவிடம் அடிவாங்கும்போதும் அவன் காதுதான் முதலில் சிவக்கும். அக்காவுக்கு அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவள் காலுறையை எடுத்து, வரிசையின் கடைசி ஆளுக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"மன்னிச்சிடுக்கா" என்றான் அவன்.

"கேட்டுக்கிட்டேன்" என்றாள் அக்கா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

வரிசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பழைய இடத்துக்கு அவள் போகவில்லை. தெருமுனைக் கடைக்காரர் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார், அங்கே சேர்ந்தாள். அதன்பின் பின்வாசலில் யார் பையையும் யாராலும் திறக்கச் சொல்ல முடியவில்லை, மேசையை எடுத்துவிட்டார்கள். பெரிய தம்பி கீழ்த்தளத்துக்கு வருவதைக் குறைத்தான். வீட்டுத்துணிப் பகுதி சுருங்கிச் சுருங்கி, இரண்டாம் மாடியை ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். பிறகு தம்பிகளுக்குள் தகராறு. படிக்கட்டின் பாதியில் தடுப்பு எழும்பியது. முடிவில் மொத்தக் கட்டடமும் வேறொருவர் கைக்குப் போனது. பெரிய தம்பி மகளோடு வெளியூர் போய்விட்டான்.

அந்தச் செய்தியோடு சின்ன தம்பி ஒரு காலையில் வந்தான்.

"கடை போச்சேக்கா. அப்பா கடை."

"அப்பா கடை அவரோட போச்சுடா. இது உங்க கடை."

"போறப்ப அண்ணன் உன்னைப் பத்திக் கேட்டான். நீ ஒரு வார்த்தை போன்ல..."

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"இப்பவாவது மனசு ஆறிச்சாக்கா?"

"நல்லா ஆறிச்சு" என்றாள். அதில் பொய்யில்லை. கடிகார மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்த கணவருக்கும் அது தெரியும்.

சின்ன தம்பி இன்னும் ஏதோ சொல்லக் காத்திருந்தான். அக்கா குடையைத் தேடி எடுத்தாள். "கிளம்புடா, எனக்கு நேரமாகுது. இன்னைக்கு எங்க கடைக்குப் புது போர்வை வருது" என்று சொல்லி, அவன் எழுந்திருக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.