கோணலாக அறுத்த பானெட்

லீலண்ட் ப்ரூயிட் துணி சுற்றிய காந்தம் ஒன்றை அடுத்தவர் கார்களின் மேல் ஓட்டிக்கொண்டே நடப்பார். ஓஹியோவில் எங்கள் ஊர் உணவகத்து வாசலில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் நின்று, "துருவை மறைச்சுப் பட்டி பூசியிருக்கான் பாரு, திருட்டுப்பய" என்பார், சொந்தக்காரர் காதில் விழும்படி.

நுரையீரல் கெட்டபின் அங்கே போவதில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுக்கும் வேலைக்கு நான் போகும்போது, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு தன் கேரேஜில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பார். குளிருகிறது, உள்ளே வாருங்கள் என்றால், "உள்ள என்ன கல்யாண விருந்தா நடக்குது?" என்பார்.

எதிரே அறுபத்தொன்பதாம் வருடத்துக் கார். மகன் கர்ட்டிஸுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது. நீலத்தை மாற்றி ஆரஞ்சு அடித்தான் மகன். பெரிய எஞ்சின் வைத்து, அது வெளியே துருத்திக்கொண்டு நிற்க பானெட்டை ரம்பத்தால் அறுத்தான். கோணலாக. மறுவாரமே லீலண்ட் அசல் பானெட் ஒன்றை வாங்கி உத்தரத்தில் தொங்கவிட்டார், அவன் கண்ணில் படட்டும் என்று. பட்டது. காரை அப்படியே விட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. போன குளிர்காலத்தில் மாரடைப்பில் செத்துப்போனான்.

இன்று டிங்கரிங் வேலை செய்யும் டுவேன் கார் இழுக்கும் வண்டியோடு வந்தார். காரை அசலுக்கே திருப்புவதா, மகன் விட்டபடி வைப்பதா என்று லீலண்ட் சொல்லியாக வேண்டும். வரும் கோடை வரை இருப்பார் என்ற பேச்சையே டாக்டர் நிறுத்திவிட்டார்.

"இந்த ஆரஞ்சுக் கண்றாவிய யாருப்பா பார்ப்பா? நீதானே வருஷக்கணக்கா திட்டின?" என்றாள் மகள் ட்ரீனா.

"திட்டினேன்."

டுவேன் உத்தரத்துப் பானெட்டைத் தட்டிப் பார்த்தார். "யோவ் கிழவா, என்னையே திருடன்னவன் நீ. ஆனா இதுல துளி துரு இல்லை. மாட்டினா கம்பெனில இருந்து வந்த மாதிரி இருக்கும்."

"அதை இறக்கி உன் வண்டில போட்டு எடுத்துட்டுப் போ."

"அப்ப கார்?"

"இருக்கறபடியே இருக்கட்டும். துரு பரவாம மட்டும் பண்ணு. பெயின்ட்டைத் தொடாதே." மூச்சு வாங்கியது. "ட்ரீனா, நான் போனப்புறமும்."



"அந்த ஓட்டை விளிம்பையாவது அரம் போடறேனே, கையைக் கிழிக்குது" என்றார் டுவேன்.

"வேணாம்."

லீலண்ட் எழுந்து அந்தக் கோணல் விளிம்பில் உள்ளங்கையை அழுத்தி ஓட்டினார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். கசியத் தொடங்கியது; லேசில் நிற்காது. கையை இழுத்துத் துணி வைத்துச் சுற்றினேன்.

நான் முடிச்சுப் போடும் முன்பே மறு கையை அந்த விளிம்பில் வைத்துவிட்டார்.