கூடாரத்தில் ஓர் அகல்

எங்கள் ஃப்ரீமாண்ட் வீட்டு மாடியில் ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய க்ளாசெட்கள் இரண்டு உண்டு. ஒன்றில் துணிக்கம்பியைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, சாமி படங்களை மாட்டியிருக்கிறோம். இங்கே பல தமிழ் வீடுகளில் பூஜையறை இப்படித்தான் உருவாகிறது. இன்னொன்றில் போன வருடம் நான் கஞ்சா வளர்த்தேன்.

அந்த வார்த்தையை எழுத இன்னும் கை கூசுகிறது. நான் வளர்ந்த பெரம்பூரில் அது வசவு. ஒருவனைக் ‘கஞ்சா குடிக்கி’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் திட்ட ஒன்றும் மிச்சமிருக்காது. கலிஃபோர்னியாவில் வயது வந்தவர்கள் வீட்டுக்கு ஆறு செடி வரை பூட்டிய இடத்தில் வளர்க்கலாம் என்பதை நகராட்சி விதி வரைக்கும் படித்துத் தெரிந்துகொண்டேன். நானும் மனைவியும் சிட்டிசன்கள்தான், இருந்தும் ஒரு வக்கீலைக் கேட்ட பிறகே துணிந்தேன். ஆறெல்லாம் வேண்டாம், ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன்.

காரணம் என் மனைவியின் பாதங்கள். மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்குப் புற்றுநோய் வந்து, கீமோ கொடுத்து, நோய் போய்விட்டது. ஆனால் மருந்து நரம்பைத் தொட்டுவிட்டது. பாதம் எரியும், சரியான தூக்கம் கிடையாது. டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பார். அவள் சிரித்துக்கொண்டே “டூ” என்பாள். வீட்டில் நான் கேட்டால் “பரவால்லங்க.”

கஞ்சா சேர்ந்த எண்ணெயைத் தடவினால் சிலருக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கிறது, வேண்டுமானால் முயன்று பாருங்கள் என்றார் டாக்டர். மகள் கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தாள். என் மனைவி மூடியைக்கூடத் திறக்கவில்லை. சாம்பார் பொடியைக்கூடக் கடையில் வாங்காதவள்.

“எவன் எந்தக் கையால செஞ்சானோ, என்னத்தைக் கலந்தானோ. வீட்ல வளந்ததுன்னா போடலாம்” என்றாள். பேச்சை முடிக்கத்தான் சொன்னாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

பீரோ மாதிரி ஒரு கறுப்புத் துணிக்கூடாரம், முன்னால் ஜிப். உள்ளே விளக்கு, விசிறி, ஒரு தொட்டி. விரல் நீளத்தில் ஒரு நாற்று. முப்பது வருடம் சாஃப்ட்வேர் எழுதியவனுக்கு ஓர் உயிர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஈரப்பதம், வெப்பம், தண்ணீரின் புளிப்பு எல்லாவற்றையும் நாளுக்கு மூன்று முறை அளந்து எழுதினேன். இலைக்கு ஐந்து விரலா ஏழு விரலா என்று எண்ணினேன். காலையில் காபி குடிப்பதற்கு முன்பே ஜிப்பைத் திறந்து பார்த்தேன்.

“உங்க குழந்தை எழுந்தாச்சா?” என்று கீழேயிருந்து மனைவியின் குரல் வரும். அவள் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை.

முதல் தப்பு என்னுடையது. செடி கொஞ்சம் சோர்ந்திருந்த ஒரு நாள், கருவேப்பிலைக்கு ஊற்றுவதுபோல் புளித்த மோரை ஊற்றினேன். நாலே நாளில் கூடாரம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கொசு. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “டாட், திஸ் இஸ் நாட் கருவேப்பிலை” என்றாள். மேல்மண்ணை மாற்றி, மஞ்சள் ஒட்டுத்தாள் தொங்கவிட்டு ஒருவழியாக மீண்டேன்.

பூக்கும் பருவத்தில்தான் நிஜமான ஆச்சரியம். இந்தச் செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு வேண்டும். இருட்டில் வெளிச்சம் புகுந்தால் பெண் செடி குழம்பிப்போய்த் தானே மகரந்தம் விட்டு விதை பிடித்துவிடுமாம். அப்புறம் பூவில் சத்து குறைந்துவிடும். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இருட்டு என்று டைமர் வைத்தேன். கதவிடுக்கில் கறுப்பு டேப், ப்ளக் பாயிண்டின் சிவப்புப் பொட்டின் மேலும் டேப். சாப்பிடும்போது இதையெல்லாம் மனைவிக்கு விளக்கினேன். ரசத்தைப் பார்த்தபடி “ம்” என்றாள்.

கணுவுக்குக் கணு வெள்ளை நூலாகப் பூ வந்தது. மாங்காயும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாசனை. யாராவது வருவதாக இருந்தால் அவள் சாம்பிராணி போட்டுவிடுவாள்.

அப்போதுதான் கார்த்திகை வந்தது. நான் நெல் பொரி வாங்க சன்னிவேல் போய், திரும்பும்போது ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு, ஏழு மணிக்கு வீடு வந்தேன். வாசலில், சமையலறையில், கராஜில், மாடிப்படியில் எல்லாம் அகல். மாடிக்குப் போனால் க்ளாசெட் கதவு திறந்திருந்தது. கூடாரத்தின் ஜிப் ஒரு சாண் விலகியிருக்க, அதன் முன்னால் எவர்சில்வர் தட்டில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது.

“உனக்கு அறிவிருக்கா? துணி பத்திக்கிட்டா என்ன ஆவும்? இருட்டா இருக்கணும்னு எத்தன வாட்டி சொன்னேன்?” என்று கத்தினேன்.

அவள் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் பூக்களுக்கு நடுவே மஞ்சளாக, குட்டி வாழைப்பழச் சீப்பு போல ஏதோ தெரிந்தது. மகரந்தம். அதற்கப்புறம் விதை. இணையத்தில் கேட்டால், ஒரு மணி நேர அகலால் இது ஆகியிருக்காது, அதிக உரமோ சூடோ காரணமாக இருக்கும் என்றார்கள். இரண்டும் என் இலாகா. அந்தச் செய்தி என் கோபத்துக்கு வசதியாக இல்லை என்பதால் அவளிடம் சொல்லவில்லை.

பூதக்கண்ணாடியைக் கொடுத்து, “பார், உன் அகலோட வேலை” என்றேன். “எதுக்கு அங்க போய் வெச்ச?”

அவள் நிதானமாகப் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மத்த எடத்துல எல்லாம் பழக்கத்துல வெச்சேங்க. அங்க மட்டுந்தான் வேண்டிக்கிட்டு வெச்சேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. உரத்தையும் சூட்டையும் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

இருந்த பூவை அறுத்து, உலர்த்தி, விதையைத் தட்டி எடுத்தோம். எண்ணெய் காய்ச்ச நான் அடுப்பருகே போனதும், “தள்ளுங்க, உங்களுக்குப் பதம் தெரியாது” என்று வாங்கிக்கொண்டாள். தேங்காயெண்ணெயில் சிறு தீயில் போட்டுக் கிண்டினாள். மகள் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சோஃபாவில் அவள் வலது காலை என் மடியில் வைத்துத் தேய்த்தேன். அரை மணி நேரம் கழித்து, டாக்டர் கேட்பதுபோலக் கேட்டேன்: “ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்ளோ?”

“ஏழு இருக்கும்” என்றாள் யோசித்து. “தேய்க்கறதுக்கு முன்னாடி எட்டு.”

எட்டு. “டூ” என்று சிரித்த அத்தனை நாளும் எட்டு. அந்தச் செடிக்கு நான் எழுதிவைத்த கணக்கில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

“அந்தக் காலையும் நீட்டு” என்றேன்.