கியோத்தோவில் பனியும் ஒரு கல்யாணமும்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் மகள் கிரேஸுக்குக் குளிர் என்றால் மழைக்காலத்து விடியற்காலைதான். பனியை வாழ்த்து அட்டைகளில் மட்டுமே பார்த்திருந்தாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு உண்மையான பனியைக் காட்டிவிட்டோம். ஜப்பானின் பழைய தலைநகரான கியோத்தோவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். தேக்கா சந்தையில் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படிப் போனீர்கள், என்ன கொண்டுபோனீர்கள் என்று விசாரிப்பதால், எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பனி மட்டுமே காரணம் இல்லை. என் மனைவி எஸ்தரின் ஒரே தம்பி தேவசகாயம், கோபே துறைமுகத்தில் நாகூர்க்காரர் ஒருவரின் பட்டு ஏற்றுமதிக் கடையில் வேலை பார்க்கிறான். பெற்றோர் இல்லை. கியோத்தோவில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஹனா என்ற ஜப்பானியப் பெண்ணை மணக்கப்போவதாகவும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கல்யாணம் என்றும் சொல்லியனுப்பினான். எங்கள் வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்றவற்றைப் போட அவன் சகோதரி வேண்டும்.

எஸ்தருக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசுதான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாத பெண்ணிடம் என்ன உறவு கொண்டாடுவது என்று கேட்டாள். சில நாள் சமையலறையில் பாத்திரங்கள் சத்தமாக உருண்டன. பிறகு ஒரு மாலை, நான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் போகலைன்னா முடிச்சு யாருங்க போடுவா?"

மறுநாளே விடுப்புக் கேட்டேன்.

பயண ஏற்பாட்டில் பெரிய கூத்து கம்பளிக் கோட்டுதான். தேக்காவில் எங்களுக்கு வழக்கமாகத் தைக்கும் மீரான் பாய் அதுவரை அவ்வளவு கனத்த துணியைத் தொட்டதில்லை. இரண்டு ஊசிகளை உடைத்தார். மூன்று கோட்டுகளும் தயாரானபோது, பட்டப்பகல் வெயிலில் நாங்கள் அவற்றைப் போட்டுப் பார்க்க, பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். "போட்டுப் பாத்துட்டு உடனே கழட்டிடுங்க லா, மயக்கம் வந்துடும்" என்று மீரான் பாய் கிரேஸுக்கு விசிறிக்கொண்டே நின்றார்.

டிசம்பர் தொடக்கத்தில் தஞ்சோங் பகாரில் கப்பல் ஏறினோம். ஹாங்காங், ஷாங்காய் வழியாகக் கோபே. அந்த மாதத்தில் வாடைக்காற்று எதிரே அடிக்கும். எஸ்தர் படுக்கையைவிட்டு எழவில்லை; கிரேஸ் மட்டும் மாலுமிகளோடு சிநேகமாகித் திரிந்தாள். ஹாங்காங்கில் கடல் கொந்தளிப்பால் கப்பல் நின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் போய்ச் சேருவோமா என்ற கவலையில் எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களுக்குக் குறிப்பிட்ட நாளில் போய்ச் சேர வேண்டியிருந்தால், ஒரு வாரமாவது கூடுதலாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள். நாங்கள் கோபேயில் இறங்கியது கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை.

கோபேயிலிருந்து கியோத்தோ நாற்பத்தேழு மைல். ரயிலில் இரண்டரை மணி நேரம் பிடித்தது. நிலையத்தில் ஹனா வந்திருந்தாள். சிறிய உருவம், சாம்பல் நிறக் கிமோனோ. இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். எஸ்தர் கை கூப்பினாள். அதற்குமேல் இருவருக்கும் எதுவும் ஓடவில்லை. நடுவில் நின்ற தேவசகாயம் எங்கள் பெட்டிகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

மரத்தாலான பழைய விடுதி. காகிதக் கதவுகள், தரையில் மெத்தை, நடுவில் கரி அடுப்பு. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போய்வந்தோம். குளிர் எலும்பில் இறங்கியது, ஆனால் பனி இல்லை. இங்கே எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் பனி பெய்யாது என்று விடுதிக்கார அம்மாள் சொன்னதைத் தேவசகாயம் தமிழில் சொன்னதும் கிரேஸின் முகம் தொங்கிப்போனது.

கல்யாணத்தன்று காலை கதவைத் திறந்த கிரேஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள். முற்றம், கூரை, எதிர்வீட்டுக் கிணறு எல்லாம் வெள்ளை. இன்னும் பெய்துகொண்டிருந்தது. அவள் வெறுங்காலோடு இறங்கி ஓடி, ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். வருவதாகச் சொன்ன ரிக்‌ஷாக்கள் வரவில்லை. பனியில் சக்கரம் நகராதாம். தேவாலயம் ஒன்றரை மைல். பட்டுச் சேலையில் நின்ற எஸ்தர், விடுதிக்கார அம்மாள் கொடுத்த வைக்கோல் பூட்ஸை மாட்டிக்கொண்டு, "நடங்க" என்றாள். வண்டி இல்லாமல் வந்த ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கிரேஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். காமோ ஆற்றுப் பாலத்தில் எஸ்தர் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போனால், அப்படியே உட்கார்ந்தபடி சிரிக்கிறாள். கப்பலேறியதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆனால் கையுறை நனைந்துவிட்டது.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது பாடல் தொடங்கியிருந்தது. ஜப்பானியப் பாதிரியார் ஜெபம் முடித்ததும், தேவசகாயம் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான். எஸ்தர் மஞ்சள் கயிற்றைப் பிடித்தாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. கயிறு நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் நழுவியது. அவள் கண்கள் நிறைந்தன. நான் எழுந்துவிட்டேன்; எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது ஹனா திரும்பினாள். எஸ்தரின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னங்களில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு உள்ளங்கைக்குள் பொத்தி, வாயால் ஊதினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவசரமே இல்லை.

"மெதுவா போடுங்க, மதினி" என்றாள், தமிழில்.

தேவசகாயம் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் என்று பிறகுதான் தெரிந்தது. எஸ்தர் முடிச்சுகளைப் போட்டாள். போட்டுவிட்டு ஹனாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பாதிரியார் காத்திருந்து, கடைசியில் அவரே சிரித்துவிட்டார். கல்யாண விருந்தில் எஸ்தரும் ஹனாவும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஜப்பானிய உணவு உப்பும் உறைப்பும் இல்லாதது, பருப்புப்பொடி கொண்டுபோங்கள். பனி நிச்சயம் வேண்டுமென்றால் ஜனவரி கடைசியில் போவது நல்லது. குழந்தையைக் கூட்டிப்போனால் அன்றைய திட்டம் எதையும் நம்பாதீர்கள். பனி பெய்தால் அவள் முற்றத்தைவிட்டு வரமாட்டாள்.

அடுத்த ஆண்டு தேவசகாயமும் ஹனாவும் சிங்கப்பூர் வருகிறார்கள். எஸ்தர் இப்போதே ஜன்னல் ஓரமாக ஒரு கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்டாள். எங்கள் வெயிலில் அந்தப் பெண்ணை எப்படி வாடாமல் வைத்துக்கொள்வது என்பதுதான் வீட்டில் இப்போது ஓயாத பேச்சு.