தொங்கிய ஒயரைச் சொருகினேன்

எரியோட்டுப் பக்கம் எங்கள் ஊரில், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா "நெட்டு ஆபீசுல ஆபீசரு" என்று சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் அவள் சொன்னதை மறுக்கவும் ஆள் இல்லை. நானும் மறுக்கவில்லை.

அந்த ஆபீசர் உண்மையில் திண்டுக்கல்லில் கணினி இணைப்புகளைப் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கணினி மையத்தில் நெட் மெதுவாக வருகிறது, போய்ப் பார் என்று அனுப்பினார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, நெட்வொர்க் பழுதுகளைச் சரிசெய்வது எப்படி என்று வரிசையாக வீடியோ பார்த்தேன். இறங்கும்போது அன்றைக்கு உள்ள டேட்டா முழுதும் தீர்ந்திருந்தது. ஆனால் தலை நிறைய அறிவு இருந்தது.

மையத்தில் மூன்று கணினிகள். நடத்துபவர் என் வயதுப் பெண். ஒரு கணினியின் முன்னால் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தியும் மல்லிப்பூ விவசாயம் பார்க்கும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பொறியியல் கவுன்சிலிங். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசைப்படுத்தி அன்று மாலை ஐந்து மணிக்குள் பதிந்துவிட வேண்டும். விட்டால் அந்தச் சுற்றே போய்விடும். அவள் நோட்டுத்தாளில் கல்லூரி எண்களை எழுதி, ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திறக்கக் காத்துக்கொண்டிருந்தாள். மணி நான்கு.

"சார், மெதுவாத்தான் போவுது. ஆனா போவுது" என்றார் நடத்துபவர்.

சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வரும் இணைப்பை எல்லாக் கணினிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அதன் பக்கத்தில் ஒரு நெட் ஒயர், நுனி எதிலும் சொருகாமல் தொங்கியது. பெட்டியில் ஒரு துளை காலி. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சொருகினேன். பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து படபடவென்று மின்னத் தொடங்கின.

"பாத்தீங்களா, டேட்டா எப்படி ஓடுதுன்னு!" என்றேன்.

"அண்ணே, பேஜே வரமாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண்.

மூன்று கணினிகளிலும் நெட் செத்துவிட்டது. படித்ததையெல்லாம் இறக்கினேன். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகள் அடித்தேன், முகவரிகளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரை முதலில் பார் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். தேர்வில் அதற்குப் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியவன் நான். ஒயரை மட்டும் பார்க்கவில்லை.

"ஒங்க போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க சார்" என்றார் நடத்துபவர்.

"டேட்டா இல்லைங்க. ஒங்க போன்ல?"

"நாள் பூரா இங்க வைஃபையிலதான இருக்கேன், நான் எதுக்கு டேட்டா பேக் போடப் போறேன்?"

அந்தப் பெண்ணின் அப்பாவிடம் பட்டன் போன், அவளிடம் அதுவும் இல்லை. மணி நாலு இருபது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "கம்பெனி சைடுல லைன் இல்லைங்க. நம்ம கையில ஒண்ணும் இல்லை" என்றேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்தது.

"படிச்ச தம்பி சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்" என்று அவள் அப்பா எழுந்தார். "வா ஆத்தா, திண்டுக்கல்லு போயிருவோம். இப்ப ஒரு பஸ் வரும்."

பஸ் வந்து, நகரத்தில் இறங்கி, மையம் தேடி, ஆள் கூட்டத்தில் நின்று, ஐந்து மணிக்குள் முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் நோட்டுத்தாளை நான்காக மடித்தாள்.

நடத்துபவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒங்க கை படுறதுக்கு முன்னாடி மெதுவாவாச்சும் போச்சு சார்."

அவர்கள் படி இறங்கிவிட்டார்கள். "அண்ணே, செத்த இருங்க" என்று கத்தினேன். "கம்பெனி சைடுன்னு சொன்னது… நெசமா எனக்குத் தெரியலைங்க. அஞ்சே நிமிசம் குடுங்க."

இஸ்திரிச் சட்டையோடு மேசைக்கு அடியில் புகுந்தேன். நான் சொருகிய ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். அது எந்தக் கணினிக்கும் போகவில்லை. நடுவில் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது; மறுமுனை அதே பெட்டியின் இன்னொரு துளைக்கே வந்து சேர்ந்திருந்தது. ரிப்பேருக்குப் போன நான்காவது கணினியின் ஒயராம். பெட்டி எல்லாருக்கும் என்று அனுப்பிய செய்தி சுற்றிக்கொண்டு அதனிடமே திரும்பி வர, அதையும் புதுச் செய்தி என்று நம்பி மறுபடி எல்லாருக்கும் அனுப்பி, அதுவும் திரும்பி வர, தன் குரலையே கேட்டுக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்துப் பெருமைப்பட்ட மின்னல் அதுதான்.

பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. நெட் வந்தது, பழைய மெதுவோடு. அந்த மெதுவைப் போல ஒரு அழகை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் மடித்த தாளைப் பிரித்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். அப்பாவின் போனுக்கு ஓடிபி வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதிவாகிவிட்டது.

"தம்பி மட்டும் இல்லேன்னா அம்புட்டுதான்! வாங்க, ஒரு டீ சாப்பிடுவோம்" என்றார் அப்பா.

பேசாமல் போய்க் குடித்திருக்கலாம். நடத்துபவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, கம்பெனியில ஒண்ணும் இல்லை. அந்த ஒயரைச் சொருகுனதே நான்தான்" என்றேன்.

அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அப்ப பஸ்ல ஏறியிருந்தோம்னா?" என்றார்.

பிறகு மகளிடம் திரும்பினார். "ஏத்தா, நீ மொதல்ல என்ன படிப்புப் போட்டிருக்க?"

"கம்ப்யூட்டருப்பா."

என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தார். சட்டை முழுக்க ஒட்டடை.

"இனி மாத்த முடியாதாக்கும்?"

"லாக் ஆயிருச்சுண்ணே, முடியாது" என்றார் நடத்துபவர்.

ஆனாலும் அப்பா சொன்னபடி டீ வாங்கிக் கொடுத்தார். சீனி பத்தவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.