மாஸ்டர் ஃபிளாப்பி

1991இல் ஏகாம்பரநாதனும் தங்கை ஜெயமும் பென்னலூர் வால்வு கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டரில், ஞாயிறுதோறும், திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் நிரல்களை உருவாக்கினார்கள். வெற்று ஃபிளாப்பி அனுப்பும் எவருக்கும் மூலநிரலோடு இலவசம்.

அண்ணன் எழுதுவான், தங்கை சோதிப்பாள். அவள் தேர்ந்தது என்றால்தான், ஊருக்கெல்லாம் நகலெடுத்து அனுப்பும் மாஸ்டர் ஃபிளாப்பியில் ஏறும். சோதிக்கக் கொடுக்கும்போது, எழுதியது அழியாதிருக்க ஃபிளாப்பியின் ஓரப் பள்ளத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பான்.

“இன்னா சூப்பர்வைசரம்மா, பாஸா?”

“‘ஞ’வுக்கு வால் அறுந்துகினு கீதுண்ணா. மாஸ்டர்லகூட அப்டிதான் கீது, நாந்தான் பாக்காம உட்டுட்டேன். எட்த்துகினு போ.”

‘ஞ’வைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்ன மறுநாள், சுங்குவார்சத்திரத்தில் லாரி மோதி அவன் இறந்தான்.

காரியம் முடிந்ததும் ஜெயம் அவனுடைய கடைசி ஃபிளாப்பியோடு கம்பெனிக்குப் போனாள். சோதிக்க மனம் வரவில்லை. நேரே மாஸ்டரில் ஏற்றிவிட நினைத்தாள். ஃபிளாப்பி போட ஒரே வாய்தான். நகலெடுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும்; முதலில் போட்டதில் இருப்பது அடுத்ததில் பதியும். கண்ணில் நீர் முட்ட, முதலில் மாஸ்டரைப் போட்டுவிட்டாள். பழையது புதியதன்மேல் ஏறிவிட்டது. திரையில் ‘ஞ’ வால் அறுந்து நின்றது.

ஸ்டிக்கர் இருந்திருந்தால் அதன்மேல் எழுதக் கம்ப்யூட்டரே மறுத்திருக்கும். அண்ணன் மறக்கிறவன் இல்லை. அவள் கையில் கொடுக்கும்போதுதான் ஒட்டுவான். இதை அவன் கொடுக்கவில்லை.